வெள்ளவத்தைக் கரையில் 100 மீற்றர்: வாடைக்காலக் கடற்கரைக் கண்காணிப்புக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் ஓய்ந்து வடகிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கும் டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில் எமது மேற்குக் கரையில் கடல் அடங்கி, சோளகத்தில் போன மணலில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. கரையை அளந்து வைக்க ஆண்டில் இதைவிட வசதியான காலம் கிடையாது. வெள்ளவத்தை முதல் கல்கிசை வரையான கரையில் நான்கு அல்லது ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு துண்டை ஒரு பருவம் முழுவதும் கண்காணிப்பதற்கான முறை இங்கே படிப்படியாகத் தரப்படுகிறது.

1. கண்காணிப்பையும் துப்புரவையும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கரையில் கால் வைத்தவுடன் குனிந்து குப்பை பொறுக்கத் தொடங்குவார்கள். நல்ல மனம்தான், ஆனால் அந்த நாளின் தரவு அத்துடன் போய்விடும். எங்கள் முதற் பருவத்தின் முதல் மூன்று நாட்களின் கணக்கை நாங்கள் ஒதுக்க நேர்ந்தது இதனால்தான். வந்தவர்கள் பை நிறையப் பொறுக்கிய பின்னர் பையைக் கொட்டி எண்ணினார்கள். எது நீரோரத்தில் கிடந்தது, எது மேலே அடம்பன் கொடிக்குள் சிக்கியிருந்தது என்று கேட்டபோது எவராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே குழு கூடும் முதல் நாளிலேயே, எந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறோம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறது: கரையில் என்னென்ன பொருட்கள் எத்தனை கிடக்கின்றன, மணலில் பிளாஸ்டிக் மணிகள் (பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருள் மணிகள்) எவ்வளவு அடர்த்தியாக உள்ளன, மணல் ஏறுகிறதா, இறங்குகிறதா. நான்காவது கேள்வியைச் சேர்க்க விரும்புபவர்கள் அடுத்த பருவம் வரை பொறுப்பது நல்லது. ஐந்து பேரால் ஒரு காலையில் ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலை இவ்வளவுதான்.

2. நாளும் நேரமும்

டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்குங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழை நகரத்துக் கால்வாய்களைக் கழுவிக் கடலில் சேர்ப்பதால், அந்தச் சுமை கரையில் கிடக்கும்போதே முதற் கணக்கை எடுத்துவிட வேண்டும். மார்ச் இறுதியில் முடித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னர் அலையின் போக்கு மாறத் தொடங்கும். மே மாதம் சோளகம் பிறந்துவிட்டால் பல இடங்களில் கருங்கல் அணையின் அடிவரை நீர் ஏறி, நடப்பதற்கே மணல் இருக்காது.

நாளைத் தெரிவு செய்வதில்தான் அநேகர் தடுக்கி விழுகிறார்கள். "இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை" என்று முடிவு செய்வது எளிது; ஆனால் கடலுக்குச் சனிக்கிழமை தெரியாது. வற்று, அதாவது கடல் நீர் மிகத் தாழும் நேரம், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிந்துகிறது. இதனால் 14 நாள் இடைவெளியில் சென்றால், நீங்கள் சந்திக்கும் வற்று ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரமளவு முந்திக்கொண்டே போகும். எட்டாவது தடவை செல்லும்போது, முதல் நாள் வற்றில் பார்த்த கரையைப் பெருக்கை நெருங்கிய வேளையில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இடைவெளி 15 நாளாக இருந்தால் நேரம் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பிவிடும்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு வசதி இருக்கிறது. பூரணை நாளான போயா தினம் பொது விடுமுறை. மாதந்தோறும் சந்திரனின் அதே நிலையில் வருவது. உந்துவப், துருத்து, நவம், மெதின் ஆகிய நான்கு போயா தினங்களையும், அவற்றுக்கு இடையில் அமாவாசையை ஒட்டி வரும் வார இறுதி நாட்களையும் எடுத்துக்கொண்டால் பருவத்துக்கு ஏழு அல்லது எட்டு நாட்கள் கிடைக்கும். வற்றுப்பெருக்கு அட்டவணையில் கொழும்புத் துறைமுகத்துக்குரிய காலை வற்று நேரத்தைப் பாருங்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கரையில் இறங்குங்கள். கொழும்பில் வற்றுக்கும் பெருக்கிற்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒடுங்கிய கரையில் அந்த அரை மீற்றர்தான் நீங்கள் நடக்கும் மணல்.

சூரியன் உதிக்கும் முன்னர் தொடங்க வேண்டாம். ஜனவரியில் கொழும்பில் சூரியோதயம் ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில் நிகழ்கிறது. பொழுது நன்றாகப் புலர்ந்த பின்னரே மணலில் கிடக்கும் வெண்ணிற மணிகள் கண்ணுக்குத் தெரியும். காலையில் தரையிலிருந்து வீசும் காற்றில் அலையும் அடங்கியிருக்கும். பத்து மணிக்குப் பின்னர் காற்று கடற்பக்கமாகத் திரும்பினால் எழுதும் தாளைப் பிடிக்கவே ஒரு கை வேண்டும்.

ஜனவரி முதலாம் திகதியைத் தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் இரவு வெடித்த பட்டாசுக் கடதாசியையும் வாணக் குச்சிகளையும் எண்ணுவதால் கடலைப் பற்றி எதுவும் தெரியவராது.

3. 100 மீற்றரைத் தெரிவுசெய்து நிலைநிறுத்துதல்

மூன்று கிலோமீற்றர் நடந்து மேலோட்டமாகப் பார்ப்பதை விட, ஒரே 100 மீற்றரை எட்டுத் தடவை ஒழுங்காகப் பார்ப்பது பயன் தரும். தெரிவு செய்யும் துண்டில் வற்று நேரத்தில் குறைந்தது பத்து மீற்றர் அகல மணலாவது இருக்க வேண்டும். படகுகள் ஏற்றி வைக்கும் இடமாகவோ உணவகங்களின் முன்றலாகவோ அது இருக்கக் கூடாது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழும் வாய்களுக்கு அருகில் உங்கள் துண்டு அமையுமானால், நீங்கள் அளப்பது பெரும்பாலும் கால்வாயைத்தான். அதிலும் தவறில்லை, ஆனால் வாயிலிருந்து எத்தனை மீற்றர் தூரம், வாய் திறந்திருக்கிறதா, மணல் மூடியிருக்கிறதா என்பவற்றை ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும்.

தொடக்கப் புள்ளியை எப்படி நிலைநிறுத்துவது? நாங்கள் ஒரு கருங்கல்லுக்கு மஞ்சள் மை பூசி வைத்தோம். மூன்றாவது முறை போனபோது அந்தக் கல் இருபது மீற்றர் தள்ளி, தூண்டில் போடும் ஒருவரின் இருக்கையாக இருந்தது. கைத்தொலைபேசியின் ஜீ.பீ.எஸ். காட்டும் இடமும் ஐந்து மீற்றர் வரை பிசகக்கூடியது. அசையாத இரண்டு பொருட்கள் ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இடத்தைப் பிடிப்பதே நம்பகமான வழி. உதாரணமாக, மெரின் டிரைவ் மின்கம்பம் ஒன்று பின்னால் உள்ள மாடிக் கட்டடத்தின் விளிம்போடு சரியாகப் பொருந்தும் இடம். அந்தக் காட்சியைப் படம் எடுத்து, அச்சிட்டு, படிவக் கோப்பின் முதற் பக்கத்தில் ஒட்டுங்கள். முடிவுப் புள்ளிக்கும் அவ்வாறே ஒரு நேர்கோடு வேண்டும்.

100 மீற்றரை அணையின் அடியை ஒட்டிக் கயிற்றால் அளக்க வேண்டும். நீரோரமாக அளந்தால் அலைக்கோடு வளையும்தோறும் நீளமும் மாறும்.

4. தண்டவாளம், அறிவித்தல், அயலவர்

இந்தக் கரையில் மிகப் பெரிய ஆபத்து கடலில் இல்லை; கரைக்கும் வீதிக்கும் நடுவே ஓடும் இரட்டைத் தண்டவாளத்தில் இருக்கிறது. அலை இரைச்சலில் ரயில் வரும் ஓசை மிக அருகில் வரும்வரை கேட்காது. ஒரு ரயில் கடந்ததும் காலை எடுத்து வைப்பவர், எதிர்த்திசையில் வரும் இரண்டாவதைக் காண்பதில்லை. கடவை உள்ள இடத்தில் மட்டும் கடப்பது, ஒருவர் நின்று இரு பக்கமும் பார்த்துக் கை காட்டிய பின்னர் அனைவரும் ஒன்றாகக் கடப்பது, காதில் எதையும் மாட்டியிருக்காமல் இருப்பது என்பன கட்டாய விதிகள். படம் எடுப்பதற்காகக்கூடத் தண்டவாளத்தில் நிற்கக் கூடாது. அதில் நடப்பது சட்டப்படியும் குற்றம்.

வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்கும், தெஹிவளையும் கல்கிசையும் தெஹிவளை–கல்கிசை மாநகர சபைக்கும் உட்பட்டவை. பருவம் தொடங்கும் முன்னர் உரிய மாநகர சபைக்கும் பிரதேசக் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் நாட்களைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் கம்பும் கயிறும் சல்லடையுமாக ஐந்து பேர் கரையில் நின்றால் யாராவது வந்து கேட்பார்கள்; கேட்க வேண்டியதும்தான். துப்புரவுப் பணியாளர்கள் எந்தெந்த நாட்களில் கரையைக் கூட்டுகிறார்கள் என்பதையும் அதே பயணத்தில் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் கூட்டிய கரையில் எடுத்த கணக்கும், ஒரு வாரம் கூட்டாத கரையில் எடுத்த கணக்கும் ஒன்றாகா.

தெஹிவளைப் பக்கத்தில் கடற்றொழிலாளர்களிடம் முதலில் பேசிவிட்டுத் தொடங்குங்கள். மூத்தவர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, நாங்கள் குப்பைக் கணக்கு எடுக்கிறோம், உங்கள் வலையைத் தொட மாட்டோம்" என்று சிங்களத்திலோ தமிழிலோ சொன்னால் போதும். கரையில் விரித்த வலை கழிவு அன்று. அதை ஒரு தன்னார்வலர் எண்ணிக்கையில் சேர்த்த கதையும் நடந்திருக்கிறது.

5. பையில் இருக்க வேண்டியவை

50 மீற்றர் அளவு நாடா ஒன்று, 100 மீற்றர் நைலோன் கயிறு, பத்து மீற்றருக்கு ஒரு நிறத் துணி கட்டியது, பீ.வீ.சீ. குழாயில் செய்த 50 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரச் சட்டகம், ஒன்றரை மீற்றர் நீளக் கம்புகள் இரண்டு, சென்ரிமீற்றர் கோடு போட்டவை, மா அரிக்கும் அரிதட்டு, தேநீர் வடி, வாளி இரண்டு, ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி. இந்தக் கடைசிப் பொருளுக்குச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் மணலை அளக்க அதைவிட மலிவான அளவைப் பாத்திரம் கொழும்பில் இல்லை.

எழுதுவதற்குப் பென்சில் மட்டும். பேனா மை கடல் நீர் பட்டால் ஓடிவிடும். படிவங்களைக் கடினப் பலகையில் இறப்பர் பட்டியால் இரு முனையிலும் கட்டுங்கள். தடித்த கையுறை, விரல் மூடிய சப்பாத்து, குடிநீர், தொப்பி ஆகியவை ஆளுக்கொன்று. றப்பர் செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். கால்வாய் வழியாக ஊசிகளும் உடைந்த கண்ணாடியும் வருகின்றன. ஊசிகளுக்கென்று மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைத் தனியாக வைத்து, பின்னர் மருத்துவக் கழிவைப் பொறுப்பேற்கும் இடமொன்றில் ஒப்படைக்க வேண்டும்.

6. யார் எதைச் செய்வது

இருவர் எண்ணுபவர்கள், ஒருவர் எழுதுபவர், ஒருவர் படமும் அளவும் எடுப்பவர். ஐந்தாமவர் இருந்தால் அவர் கடலைப் பார்ப்பவர். அவர் வேறு வேலை செய்யக் கூடாது. வாடைக்காலக் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மற்றவற்றை விட உயர்ந்த இரண்டு மூன்று அலைகள் வரும். குனிந்திருப்பவருக்கு அது தெரியாது. ஐந்தாமவர் இல்லாத நாளில் படம் எடுப்பவர் இந்தப் பொறுப்பை ஏற்று, நீரோரத்தில் எண்ணும் வேளையில் படக்கருவியைப் பையில் போட்டுவிட வேண்டும்.

எழுதுபவர் எண்ணக் கூடாது. எண்ணுபவர் எழுதக் கூடாது. ஒருவரே இரண்டையும் செய்தால் தலை குனிந்து எழுதும் ஒவ்வொரு தடவையும் இரண்டு அடி மணல் பார்க்கப்படாமல் போகும். எண்ணுபவர் பொருளையும் எண்ணையும் உரக்கச் சொல்ல, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதட்டும்: "மூடி எட்டு", "மூடி எட்டு". அலை இரைச்சலில் எட்டும் பத்தும் ஒன்றுபோலவே கேட்கும்.

7. கரையில் இறங்கிய பின்னர்: வரிசை மாறக் கூடாது

முதலாவது, நின்று பார்த்தல். பத்து நிமிடங்கள் அணையோரமாக நின்று கடலையும் கரையையும் பாருங்கள். அலை எதுவரை ஏறுகிறது, பறவைகள் எங்கே நிற்கின்றன, நாய்கள் எதையாவது சுற்றுகின்றனவா என்பவை இந்த நேரத்தில்தான் தெரியும். நீங்கள் இறங்கி நடந்த பின்னர் பறவைகள் இருக்கா.

இரண்டாவது, படங்கள். தொடக்கப் புள்ளியில் நின்று நான்கு திசைகளுக்கும் நான்கு படங்கள், முடிவுப் புள்ளியில் நான்கு. மணலில் காலடி படும் முன்னர் எடுத்தால்தான் கடல் கொண்டுவந்து போட்ட ஒதுங்கல் கோடு படத்தில் தெளிவாக விழும்.

மூன்றாவது, பிளாஸ்டிக் மணிகளுக்கான சதுரங்கள். இதைப் பெரிய பொருட்களுக்கு முன்னர் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து பேர் மேலும் கீழும் நடந்தால் மணிகள் மணலுக்குள் மிதிபட்டு மறைந்துவிடும். புதியவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதிலிருந்து தொடங்கவே விரும்புவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

நான்காவது பெரிய பொருட்களை எண்ணுதல், ஐந்தாவது மணல் அளவு. குப்பை பொறுக்குவது ஆறாவதாகத்தான் வரும். அதையும் எழுதுபவர் படிவத்தை ஒருமுறை வாசித்துச் சரிபார்த்த பின்னரே தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுவதையும் அகற்றுங்கள், அல்லது ஒருமுறையும் அகற்றாதீர்கள். ஒரு நாள் அகற்றி மறுமுறை விட்டால், அடுத்த கணக்கு புதிதாக வந்ததா, பழையது கிடந்ததா என்று பிரித்தறிய முடியாது. எங்கள் தெரிவு முழுவதையும் அகற்றுவது. அப்படிச் செய்தால் அடுத்த முறை எண்ணுவது 15 நாளில் சேர்ந்ததாக இருக்கும். அகற்றியதைப் பார்த்துவிட்டுச் செல்லும் அயலவரும் பகைக்க மாட்டார்.

8. பிளாஸ்டிக் மணிகள்

2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பற்றியது. ஜூன் 2 ஆம் திகதி அது அமிழத் தொடங்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றிலிருந்து கொட்டுண்ட ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மூலப்பொருள் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அகற்றப்படாமல் எஞ்சியவை மணலுக்குள் புதைவதும் அலை கிளறும்போது வெளிவருவதுமாக இருப்பதால், மணிகளைத் தனியாக எண்ண வேண்டும்.

மணியை அடையாளம் காண்பது பழகும்வரை கடினம். அளவில் 2 முதல் 5 மில்லிமீற்றர். தோற்றத்தில் வேகாத சவ்வரிசி. ரெஜிபோம் எனப்படும் வெண்ணிற நுரைப் பிளாஸ்டிக்கின் மணியும் அப்படித்தான் தெரியும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: ரெஜிபோம் நசுங்கும், மூலப்பொருள் மணி நசுங்காது. புதியது பால் வெள்ளை. வெயிலில் கிடந்தது மஞ்சள். தீயில் அகப்பட்டது பழுப்பாகவோ கறுப்பாகவோ பல மணிகள் ஒட்டிய கட்டியாகவோ இருக்கும். இம்மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆனால் "கப்பலின் மணி" என்று எழுத வேண்டாம். இத்தகைய மணிகள் உலகின் எல்லாக் கடல்களிலும் மிதக்கின்றன. ஒரு வெள்ளை மணி எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

சட்டகத்தை எங்கே வைப்பது என்பது இந்த வேலையின் முள். மணிகள் மின்னும் இடத்தைக் கை தானாகவே தேடிப் போகும். அங்கே வைத்தால் கரை முழுவதும் மணியாலானது போன்ற கணக்கு வரும். அதனால் வீட்டிலிருந்தே 0 முதல் 99 வரை எழுதிய சீட்டுகளை மடித்து ஒரு பையில் கொண்டு போங்கள். ஐந்து சீட்டுகளை எடுங்கள். 37 வந்தால், கயிற்றின் 37 ஆவது மீற்றருக்கு நேரே, மிக மேலுள்ள ஒதுங்கல் கோட்டின் மேல் சட்டகத்தை வையுங்கள். அங்கே மணி ஒன்றுமே தென்படாவிட்டாலும் அங்கேதான்.

சட்டகத்துக்குள் மேலே உள்ள இரண்டு சென்ரிமீற்றர் மணலை மட்டும் வழித்தெடுங்கள். கணக்குப்படி அது ஐந்து லீற்றர், அதாவது ஐந்து ஐஸ்கிரீம் பெட்டிகள். பெட்டி ஆறாகவோ ஏழாகவோ போனால் ஆழமாகத் தோண்டுகிறீர்கள் என்று பொருள்.

காய்ந்த மணல் அரிதட்டில் இறங்கிவிடும். காலை மணல் பெரும்பாலும் ஈரமாக இருப்பதால் அடைத்துக்கொள்ளும். அப்போது வாளியில் பாதிக்குக் கடல் நீர் எடுத்து, ஒரு பெட்டி மணலைக் கொட்டி, கையால் நன்றாகக் கலக்கி, அரை நிமிடம் விடுங்கள். பொலித்தீன் வகை மணிகளின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.91 முதல் 0.97 கிராம் வரை. கடல் நீரின் அடர்த்தி 1.025. ஆகவே மணல் அடியில் தங்க, மணி மேலே வரும். தேநீர் வடியால் அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுங்கள். குழாய் நீரைக் கொண்டுவந்து இதைச் செய்யாதீர்கள். நீரின் அடர்த்தி குறைந்தால் மணலோடு ஒட்டிய மணிகள் எழும்பத் தாமதிக்கும். குடிநீர்ப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக் கடல் நீரிலும் அமிழ்ந்துவிடும் என்பதால் அதன் துண்டுகள் இந்த முறையில் அகப்படா. படிவத்தில் முறையின் பெயரை எழுதுவது இதற்காகவே.

ஒவ்வொரு சதுரத்தின் எண்ணிக்கையையும் தனியாக எழுதுங்கள். நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்குரிய அளவு வரும்; ஆனால் அந்தப் பெருக்கல் வீட்டில் செய்ய வேண்டியது. மணிகள் கடலில் உள்ள நச்சு இரசாயனங்களைத் தம்மீது ஒட்டிக்கொள்பவை. கையுறையின்றித் தொட வேண்டாம், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்க வேண்டாம்.

9. பெரிய பொருட்கள்

2.5 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். சோடாப் போத்தல் மூடி இந்த எல்லையைச் சற்றே தாண்டும். ஐயம் வந்தால் அதை அளவுகோலாகப் பயன்படுத்தலாம். எண்ணுபவர் இருவரும் இரண்டு மீற்றர் இடைவெளியில் நீரோரத்திலிருந்து தொடங்கி 100 மீற்றர் நடந்து, திரும்பும்போது அடுத்த பட்டியில் வந்து, அணை வரை மேலேற வேண்டும். நீரோரத்தை முதலில் முடித்தால், நீர் ஏறத் தொடங்கும் வேளையில் மேட்டில் நிற்பீர்கள். பட்டியை நீரோரம், ஒதுங்கல் கோடு, மேல் மணல் என மூன்றாக மட்டும் பிரித்து எழுதுங்கள்.

பொருட் பட்டியலை இங்குள்ள பெயர்களில் தயாரியுங்கள். லஞ்ச் சீற், சொப்பிங் பை, யோகட் கப், ரெஜிபோம் துண்டு, போத்தல், மூடி, தங்கூசி, வலைத் துண்டு, கயிறு, செருப்பு, முகக்கவசம், கண்ணாடி, தகரம் என்று எழுதினால் புதியவருக்கும் உடனே விளங்கும். சிங்களம் பேசும் தோழர்களுக்கும் இவற்றில் பாதி அதே பெயர்தான். பிறநாட்டுப் படிவத்தை மொழிபெயர்த்து வைத்திருந்த நாட்களில், லஞ்ச் சீற்றை ஒருவர் "பை" என்றும் மற்றவர் "உறை" என்றும் எழுதிக்கொண்டிருந்தார்.

உடைந்த பொருளைப் பற்றி முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பொருளாகவும், குறைவாக இருந்தால் "துண்டு" என்றும் எண்ணுகிறோம். தங்கூசி சிக்கலாகக் கிடந்தால் ஒன்று என எண்ணி, பக்கத்தில் தோராயமான நீளத்தைக் குறிக்கிறோம்.

பூசைப் பொருட்கள் பற்றிய கேள்வி வெள்ளவத்தையில் ஒவ்வொரு முறையும் எழும். இங்கே அஸ்தி கரைக்க வருகிறார்கள். மண்சட்டியும் தேங்காய்ப் பாதியும் மாலையும் கரையில் கிடக்கும். சட்டியையும் தேங்காயையும் பூவையும் நாங்கள் எண்ணுவதில்லை, தொடுவதும் இல்லை. மாலையின் நைலோன் நூலையும் அவற்றைக் கொண்டுவந்த பொலித்தீன் பையையும் எண்ணுகிறோம். கிரியை நடக்கும் வேளையாக இருந்தால் அந்தப் பட்டியைக் கடைசிக்கு விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

10. மணல் அளவு: இரண்டு கம்பும் அடிவானமும்

மேற்கே திறந்த கரைக்கு இது பொருத்தமான முறை, அடிவானமே மட்டக்கோலாகிறது. தொடக்கப் புள்ளியில், அணையின் அடியில் ஒரு கம்பையும், அதிலிருந்து கடற்பக்கமாகச் சரியாக ஒன்றரை மீற்றர் தூரத்தில் மற்றதையும் செங்குத்தாக நிறுத்துங்கள். தரைப்பக்கக் கம்பின் பின்னால் நிற்பவர், கடற்பக்கக் கம்பின் உச்சி அடிவானக் கோட்டில் பொருந்தும்படி கண்ணை வைத்து, அந்தப் பார்வைக் கோடு தன் கம்பை எங்கே வெட்டுகிறது என்று வாசிக்க வேண்டும். உச்சியிலிருந்து 12 சென்ரிமீற்றர் கீழே வெட்டினால், அந்த ஒன்றரை மீற்றரில் மணல் 12 சென்ரிமீற்றர் இறங்குகிறது. பின்னர் தரைப்பக்கக் கம்பை எடுத்துச் சென்று முன்னதற்கு அப்பால் ஒன்றரை மீற்றரில் நிறுத்தி, இப்படியே நீர் விளிம்பு வரை செல்லுங்கள்.

நடுவில் மணல் மேடாக ஏறினால் வாசிப்பு தலைகீழாகும்: தன் கம்பின் உச்சியிலிருந்து அடிவானத்தைப் பார்த்து, முன் கம்பில் வாசித்து, சகக் குறியோடு (+) எழுத வேண்டும். இறக்கத்துக்குச் சயக் குறி (−). குறி போட மறந்த தாள் வெறும் தாள்.

கம்பு ஈர மணலில் புதைவது அடுத்த கோளாறு. அடியில் ஒரு தட்டையான மரத்துண்டை ஆணியடித்தால் தீரும். முகில் மூட்டத்தில் அடிவானம் தெரியாத நாளில் அளக்காதீர்கள். "அடிவானம் இல்லை" என்று எழுதிவிட்டு, அணையிலிருந்து நீர் விளிம்பு வரையான அகலத்தை நாடாவால் மட்டும் எடுங்கள்.

11. ஆமை, பாம்பு, பறவை

உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரைக்கு முட்டையிட வருகின்றன. உயிருள்ள ஆமை கரையில் தத்தளித்தாலோ இறந்த ஆமை ஒதுங்கினாலோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை அழையுங்கள். உயிருள்ளதைக் கடலுக்குள் தள்ளிவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், அது தவறு. நோயாலோ காயத்தாலோ களைத்து ஒதுங்கியதை மீண்டும் தள்ளினால் மூழ்கி இறக்கும். நிழல் கொடுத்து, நாய்களையும் காகங்களையும் கூட்டத்தையும் விலக்கி, மூக்குத் துளைகளை விட்டு முதுகில் ஈரத் துணி போட்டுக் காத்திருங்கள்.

இறந்ததைத் தொடாமல், அருகில் அளவுகோல் வைத்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஓட்டின் நடுவரிசைக்கு இரு பக்கமும் உள்ள தகடுகள் படத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு நான்கு என்றால் பேராமையாகவோ அழுங்காமையாகவோ இருக்கலாம். அழுங்காமையில் தகடுகள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஆறு அல்லது அதற்கு மேல், இரு பக்கமும் எண்ணிக்கை வேறுபட்டுக்கூட இருந்தால், அது பெரும்பாலும் ஒலிவ் நிற ஆமை. இதை நீங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை, படம் தெளிவாக இருந்தால் அறிந்தவர் தீர்மானிப்பார். முட்டையிட்ட தடம் கண்டால் குச்சி நட்டு அடையாளம் வைக்காதீர்கள். அது முட்டை எடுப்பவருக்கு வழிகாட்டும்.

கடற்பாம்பு அசையாமல் கிடந்தாலும் உயிரோடு இருக்கலாம்; நஞ்சு கடியது. இரண்டு மீற்றர் தள்ளி நின்று படம், அவ்வளவே. பறவைகளில் கடற்காகங்களையும் ஆலாக்களையும் பிரித்து எண்ணத் தெரியாதவர்கள் "வெண்ணிறக் கடற்பறவை" என்று ஒரே வரியில் எழுதலாம்; தெரியாததைத் தெரிந்த பெயரில் எழுதுவதே குற்றம்.

எண்ணெய்ப் படலம், தார்க் கட்டிகள், பெருமளவு மணிகள் திடீரென ஒதுங்கியிருத்தல் ஆகியவற்றைக் கண்டால் அன்றைய கணக்கை நிறுத்தி, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கு இடம், நேரம், படத்தோடு அறிவியுங்கள். கழுவித் துடைக்க முனைய வேண்டாம்.

12. படிவமும் பூச்சியமும்

படிவத்தின் தலைப்பில் திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், அட்டவணைப்படி வற்று நேரம், காற்றின் திசை, கடந்த மூன்று நாள் மழை, கடைசியாகக் கரை கூட்டப்பட்ட நாள், எண்ணியவர்களின் தொகை ஆகியவை வர வேண்டும். எண்ணியவர்கள் மூவரானால் கணக்கு இயல்பாகவே கூடும் என்பதால் இந்தக் கடைசி விபரம் மிக அவசியம்.

பொருள் ஒன்றுமே காணப்படாத வரியில் 0 என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால், அந்தப் பொருள் இல்லையா, தேடவில்லையா என்று மாதங்கள் கழித்து எவருக்கும் தெரியாது. புதியவர்கள் பூச்சியம் எழுதக் கூச்சப்படுகிறார்கள், வேலை செய்யாதது போல் தோன்றுமாம். ஐந்து சதுரங்களிலும் பூச்சியம் வந்த நாளின் தாளை நான் மற்றெல்லாத் தாள்களையும் விடக் கவனமாகக் கோப்பில் வைக்கிறேன். அடுத்த ஆண்டு ஐந்து வந்தால் ஒப்பிட அது ஒன்றே இருக்கும்.

கரையை விட்டு ஏறுமுன் படிவத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து மூவருக்கு அனுப்புங்கள். அன்றே, உண்டு உறங்கும் முன்னர், எண்களைக் கணினியில் ஏற்றுங்கள். பென்சிலால் கிறுக்கிய ஐந்துக் கோட்டுக் கட்டு ஒன்றை மறுநாள் எழுதியவராலேயே வாசிக்க முடிவதில்லை. மூலத்தாளை எறியக் கூடாது.

சட்டகம், அரிதட்டு, கம்பு, நாடா ஆகியவற்றைக் குழாய் நீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். கயிற்றை அளந்து பாருங்கள். நைலோன் கயிறு பருவத்தின் நடுவில் இழுபட்டு 102 மீற்றராகியிருந்ததை நாங்கள் ஐந்தாவது முறையில்தான் கண்டோம். இப்போது ஒவ்வொரு முறையும் வீட்டு வாசலில் நாடாவோடு ஒப்பிட்டு, துணி முடிச்சுகளை நகர்த்திக் கட்டிய பின்னரே பையில் வைக்கிறோம்.